பாசி மாத்திரையும் சிவப்பு விளக்கும்: அப்பாவின் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

வாசகர் கடிதம்:

“என் அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்றவர். நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையும் போட்டவர். நாக்கின் இடது ஓரத்தில் ஆறாமல் இருந்த புண்ணை மூன்று வாரத்துக்கு முன் பயாப்ஸி செய்ததில் புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலைதான் என்கிறார்கள். நாக்கில் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, கழுத்தையும் ஒரு பக்கம் திறந்து நெறிக்கட்டிகளை எடுக்க வேண்டுமாம். இன்னும் 16 நாளில் தேதி.

என் தம்பி ஒரு காணொளி பார்த்தான். கடல் நுண்பாசியிலிருந்து எடுத்த பொருள் உடம்புக்குள் போனபின் வெளிச்சம் காட்டினால் புற்றணுக்கள் மட்டும் செத்துவிடுமாம், கத்தியே வேண்டாமாம். ‘கடல் குளோரெல்லா’ என்று ஒரு மாத்திரை வாங்கி வந்தான். வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. கூடவே ஒரு சிவப்பு ஒளி விளக்கு. இரவில் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிக் கால் மணி நேரம் காட்டுகிறான். இரண்டுக்கும் சேர்த்து 400 வெள்ளிக்கு மேல். ‘நாக்குப் புண்ணுக்கு எதற்குக் கழுத்தை வெட்ட வேண்டும்? மூன்று மாதம் இதைப் பார்ப்போம்’ என்கிறார் அப்பா. கோயில் பஜனையில் முதல் குரல் அவருடையது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் வார்ஃபரின் என்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்தும் சாப்பிடுகிறார். போன வாரம் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 1.6க்கு இறங்கிவிட்டது என்று அரை மாத்திரை கூட்டிக் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?”

— சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு மகள்

அன்புச் சகோதரிக்கு,

தள்ளிப்போட வேண்டாம். உங்கள் கடிதம் வந்த அன்றே இந்தப் பதிலையும், வார்ஃபரின் பற்றிய சில வரிகளையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். பத்திரிகை வரும்வரை காத்திருக்கக் கூடிய செய்தி அல்ல அது. இதே மாத்திரை வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே மறுபடி விரிவாக எழுதுகிறேன்.

நான் புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் மருந்தாளர். உங்கள் கடிதத்தில் பாசியையும் ஒளியையும்விட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது போகிற போக்கில் நீங்கள் எழுதிய வார்ஃபரின் வரிகள்தான். நாளைக்கு முப்பது குளோரெல்லா மாத்திரை. போன வாரம் ஐஎன்ஆர் 1.6. இவை தனித்தனிச் செய்திகள் அல்ல. குளோரெல்லாவில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. வார்ஃபரின் இரத்தம் உறைவதைக் குறைப்பதே வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்துத்தான். ஒரு பக்கம் மருந்து கதவைச் சாத்துகிறது, மறுபக்கம் மாத்திரை திறந்துவிடுகிறது. ஜப்பானில் வார்ஃபரின் பெட்டிக்குள் இருக்கும் குறிப்பிலேயே நாட்டோ என்ற புளித்த சோயாவோடு குளோரெல்லாவின் பெயரையும் போட்டு எச்சரித்திருப்பார்கள். உங்கள் அப்பா போன்ற துடிப்புக் கோளாறுக்கு ஐஎன்ஆர் வழக்கமாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். 1.6 என்றால் பக்கவாதத்துக்கு எதிரான காவல் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

கிளினிக்கில் இருந்தவர்களுக்கு மாத்திரை விஷயம் தெரியாது. எண் இறங்கியிருக்கிறது, அளவைக் கூட்டினார்கள். அவர்கள் செய்ததில் தவறில்லை. ஆனால் இப்போது நீங்கள் சத்தமில்லாமல் குளோரெல்லாவை நிறுத்தினால், கூட்டிய வார்ஃபரின் எதிர்ப்பே இல்லாமல் வேலை செய்யும். ஐஎன்ஆர் ஏறும், இரத்தக் கசிவு வரலாம், அதுவும் வாயில் ஒரு புண் இருக்கும்போது. அதனால் பாசி மாத்திரையை நிறுத்துங்கள். நிறுத்திய அன்றே வார்ஃபரின் கிளினிக்கை அழைத்து, எப்போது தொடங்கினார், எத்தனை சாப்பிட்டார், எப்போது நிறுத்தினார் என்ற மூன்றையும் சொல்லுங்கள். சில நாளில் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்வார்கள். வார்ஃபரின் அளவில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், அரை மாத்திரைகூட. அறுவைக்கு முன் அதை எந்த நாளில் நிறுத்துவது என்பதற்கு மருத்துவமனை ஒரு கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கணக்கு சரியாக வர அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும்.

இனி உங்கள் தம்பிக்கு வருகிறேன். அவரைத் திட்டாதீர்கள். அவர் கேள்விப்பட்ட சிகிச்சை பொய் இல்லை. மருத்துவமனையில் அதை போட்டோடைனமிக் தெரபி என்பார்கள், சுருக்கமாக பிடிடி. தமிழில் ஒளி இயக்கச் சிகிச்சை எனலாம். அதற்கு ஒளியை வாங்கிக்கொள்ளும் ஒரு மருந்து, அந்த மருந்துக்குப் பொருந்திய நிறத்தில் ஒளி, திசுவில் ஆக்சிஜன் ஆகிய மூன்றும் வேண்டும். மருந்து ஒளியை உறிஞ்சி அந்தச் சக்தியை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. வெறிபிடித்த அந்த ஆக்சிஜன் தொட்டதையெல்லாம் அரித்துவிடும். ஆனால் அதன் ஆயுள் மிகக் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் அடங்கிவிடும். ஆகவே மருந்தும் ஒளியும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே மட்டும்தான் சேதம். இந்தச் சிகிச்சையின் அழகும் அதுதான், எல்லையும் அதுதான்.

இது நூறு ஆண்டைத் தாண்டிய யோசனை. மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் இருந்த ஒற்றைச்செல் உயிர்கள் வெளிச்சத்தில் சாகின்றன, இருட்டில் பிழைக்கின்றன என்பதைக் கண்டு 1900இல் எழுதினார். 1912இல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஹெமட்டோபார்ஃபிரின் என்ற பொருளில் 200 மில்லிகிராமைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தார். முகமும் கையும் அடையாளம் தெரியாதபடி வீங்கின. வெயில் ஆகாத நிலை இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. அந்தப் பொருளின் வழிவந்ததுதான் ஃபோட்டோஃப்ரின் என்ற ஒளிச்சிகிச்சை மருந்து. 1993இல் கனடாவிலும், 1995இல் உணவுக்குழாய்ப் புற்றுக்காக அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

பாசி எங்கே வருகிறது? அதற்கு உங்கள் சமையலறைக்குப் போனால் போதும். கீரை மசியலில் புளித்தண்ணீர் விட்டதும் அந்தப் பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். தேக்கா சந்தையில் வாங்கிய இளங்கீரைக்கும் அதே கதிதான். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது; புளியின் அமிலம் அதைக் கழற்றிவிடுகிறது. அந்த நிறமாற்றம்தான் மருந்து தயாரிப்பின் முதல் படியும்கூட. பச்சையத்திலிருந்து மக்னீசியத்தை நீக்கி, அதன் நீண்ட கொழுப்பு வாலை வெட்டினால் ஃபியோஃபார்பைடு. அதன் வளையங்களில் ஒன்றைக் காரத்தால் திறந்தால் குளோரின் இ6 (தண்ணீரில் கலக்கும் குளோரின் வேறு, இது வேறு). இந்த இரண்டும் சிவப்பு ஒளியை நன்றாக வாங்கக்கூடியவை. குளோரின் இ6க்குப் பச்சையம் பெரும்பாலும் ஸ்பைருலினாவிலிருந்தும் குளோரெல்லாவிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கடலில் வாழும் நேனோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசியும் ஆய்வாளர்களுக்குப் பிடித்தமானது. குளோரெல்லா போன்ற பச்சைப் பாசிகளில் பச்சையம் ஏ, பி என இருவகை கலந்திருக்கும். இதில் ஏ மட்டும்தான். பிரித்தெடுக்கும் வேலை மிச்சம்.

குளோரின் இ6இலிருந்து செய்த தாலபோர்ஃபின், நுரையீரல் புற்றின் ஆரம்ப நிலைக்கு 2003இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய ஒளியிழையை விட்டு 664 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். கடலிலிருந்து நேரடியாக வந்தது என்று சொல்ல வேண்டுமானால் பேடலிபோர்ஃபின் இருக்கிறது. கடல்வாழ் ஊதா நுண்ணுயிர் ஒன்றின் பச்சையத்திலிருந்து செய்து, அபாயம் குறைந்த புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுக்காக ஐரோப்பா 2017இல் ஏற்றுக்கொண்டது. அது பாசி அல்ல, பாக்டீரியா. நம் ஊரும் இதில் சும்மா இருக்கவில்லை. தேசியப் புற்றுநோய் நிலையத்தில் குளோரின் இ6ஐப் பயன்படுத்திச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். ஆஞ்சியோசார்கோமா என்ற அரிய புற்று திரும்பி வந்த ஒரு நோயாளிக்கு, ஒளியே படாத இடத்துக் கட்டிகளும் சுருங்கின என்று 2007இல் எழுதினார்கள். படித்தபோது எனக்கும் புல்லரித்தது. ஆனால் அது ஒரே ஒருவரின் கதை என்பதை மறக்காதீர்கள்.

இவை எல்லாமே சுத்திகரித்து, எடை பார்த்து, இரத்த நாளத்தில் ஊசியாகப் போகும் மருந்துகள். உங்கள் வீட்டு மேசையில் இருப்பது காய்ந்த பாசியை அழுத்திச் செய்த வில்லை. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஜப்பானின் வடகிழக்கில் ஒரு பேச்சு உண்டு: வசந்தகாலத் தொடக்கத்தில் பூனைக்கு அபலோன் என்ற கடல் நத்தையின் குடலைப் போட்டால் பூனையின் காது விழுந்துவிடும். சீனப் புத்தாண்டுக்கு இங்கே டப்பா டப்பாவாக விற்குமே, அதே அபலோன்தான். கிழவிக் கதை போலத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அபலோன் தின்பது கடற்பாசி. அந்தப் பருவத்தில் பாசியின் பச்சையம் அதன் குடலில் ஃபியோஃபார்பைடு வகைப் பொருளாக மாறிச் சேர்கிறது. அதைத் தின்ற பூனை வெயிலில் படுக்கிறது. முடி குறைந்து, தோல் மெலிந்து, ஒளி ஊடுருவும் இடம் காது. அங்கே வெந்து, அழுகி, விழுகிறது. இதே பொருள் 1977இல் மனிதர்களிடமும் வேலையைக் காட்டியது. குளோரெல்லா மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு வெயில் பட்ட முகமும் கையும் வீங்கிப் புண்ணாயின. தயாரிப்பில் பச்சையம் சிதைந்து ஃபியோஃபார்பைடு மிகுந்துவிட்டதுதான் காரணம். 1981இல் ஜப்பானிய அரசு குளோரெல்லா மாத்திரையில் அது எவ்வளவு இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தது.

இப்போது தம்பியிடம் இதைக் கேளுங்கள். நல்ல குளோரெல்லா மாத்திரை என்றால் என்ன? ஃபியோஃபார்பைடு மிகக் குறைவாக உள்ள மாத்திரை. அதாவது, அவர் எந்தப் பொருளை நம்பிக் காசு கொடுத்தாரோ அதை வெளியேற்றத்தான் நல்ல தயாரிப்பாளர் பாடுபடுகிறார். மாத்திரை தரமானது என்றால் ஒளிச்சிகிச்சை நடக்காது. தரமற்றது என்றால் அப்பாவின் நாக்கு மட்டுமா வேகும்? காலையில் கோயிலுக்கு நடந்து போகும்போது முகம், கழுத்து, கை எல்லாம் வேகும். ஈசூன் வெயிலில் அதற்கு அதிக நேரமும் ஆகாது. விழுங்கிய பொருள் புற்றணுவைத் தேடிப் போய் உட்காராது. ஊசி மருந்துகளே முழுக்க அப்படிப் போவதில்லை. ஆரோக்கியமான திசுவிலிருந்து அவை வடிந்து, கட்டியில் தங்கும் நேரம் பார்த்துத்தான் ஒளியைக் காட்டுகிறார்கள். தாலபோர்ஃபினுக்குச் சில மணி நேரம், ஃபோட்டோஃப்ரினுக்கு இரண்டு நாள், தலை கழுத்துப் புற்றுக்குப் பயன்படும் டெமோபோர்ஃபினுக்கு நான்கு நாள். வீட்டில் எந்த மணி?

போகட்டும், இன்னொன்றும் இருக்கிறது. பாசி கொளுத்தும் வெயிலில் வாழும் உயிர். தன் பச்சையமே தன்னை எரித்துவிடாமலிருக்க அது கரோட்டின், லூட்டின் போன்ற மஞ்சள் நிறமிகளைக் கூடவே வைத்திருக்கிறது. வெறிபிடித்த ஆக்சிஜனைத் தணிப்பதுதான் அவற்றின் வேலை. வில்லைக்குள் வாளும் கேடயமும் ஒன்றாகவே அரைபட்டிருக்கின்றன. மருந்துக் கம்பெனி சுத்திகரிப்புக்கு ஏன் அவ்வளவு செலவழிக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

‘கடல் குளோரெல்லா’ என்ற பெயரைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மாத்திரையாக வரும் குளோரெல்லா பெரும்பாலும் நன்னீர்ப் பாசி. கடல் என்ற சொல் விலைக்காகச் சேர்ந்தது. கடலிலிருந்து வந்தால் நல்லது என்பதும் இல்லை. 2015இல் ஜோகூர் நீரிணையில் ஒரு நுண்பாசி பெருகி நம் மீன்பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் மீன் செத்து மிதந்தது நினைவிருக்கும். இன்னொன்று, சுகாதாரத் துணைப்பொருள்களுக்கு இங்கே விற்பனைக்கு முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கடையில் இருக்கிறது என்பதால் சுகாதார அறிவியல் ஆணையம் பரிசோதித்துப் பார்த்திருக்கிறது என்று பொருளாகாது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பதற்கோ அனுமதியே கிடையாது. விற்றவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், ஆணையத்துக்கு அனுப்பலாம்.

விளக்கைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. மருந்து இல்லாத ஒளி வெறும் வெளிச்சம். கதிரியக்கச் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணுக்குச் சிவப்பு ஒளி காட்டும் முறை ஒன்று மருத்துவமனைகளில் உண்டு. தம்பி தேடினால் அது கண்ணில் படும், அதையும் இதையும் குழப்பிக்கொள்வார். அது புண் ஆறுவதற்கு, புற்றைக் கொல்வதற்கு அல்ல. புற்று இருக்கும் இடத்தின் மேல் வீட்டு விளக்கைக் காட்ட வேண்டாம். இன்று இரவே நிறுத்திவிடுங்கள்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நாக்குப் புண்ணுக்கு ஏன் கழுத்து? நியாயமான கேள்வி. மருத்துவர் சொல்லியிருப்பார், ஆனால் ‘புற்றுநோய்’ என்ற சொல்லைக் கேட்ட அறையில் அதற்குப் பிறகு சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறுவதில்லை. இருபது ஆண்டாகப் பார்க்கிறேன்.

இன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசியின் டார்ச்சின் மேல் அப்பாவின் விரலை வைக்கச் சொல்லுங்கள். விரல் முழுவதும் சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியிலிருந்த நீலத்தையும் பச்சையையும் இரத்தம் குடித்துவிட்டது; சிவப்பு மட்டும் மறுபக்கம் வந்தது. பாசி மருந்துகளுக்குச் சிவப்பு ஒளியைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். ஆனால் உற்றுப் பாருங்கள், விரல் எலும்பின் நிழல்கூடத் தெரியாது. ஒளி உள்ளே போய்ச் சிதறிப் பால்போல் ஆகிவிடுகிறது. விரலே இந்த லட்சணம் என்றால் கழுத்தில், தோல், கொழுப்பு, தசைக்குக் கீழே, பெரிய இரத்தக் குழாயை ஒட்டி இருக்கும் நெறிக்கட்டிக்கு ஒளி எப்படிப் போகும்? தலை கழுத்துப் புற்றுக்காக ஐரோப்பாவில் 2001இல் ஏற்கப்பட்ட டெமோபோர்ஃபினையே, 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும், நேரடியாக வெளிச்சம் காட்டக்கூடிய கட்டிக்குத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அதுவும் மற்றச் சிகிச்சைகள் பலிக்காமல் போனவர்களுக்கு, துன்பத்தைக் குறைக்க.

நாக்கின் ஓரத்துப் புற்று கழுத்துக்கு இறங்கும் வழக்கமுள்ளது. கையில் தட்டுப்படாத, ஸ்கேனில் தெரியாத அளவில் சில அணுக்கள் நெறிக்கட்டியில் போய் உட்கார்ந்திருக்கலாம். கழுத்தை முதலிலேயே திறப்பதா, கட்டி தெரிந்த பிறகு திறப்பதா என்று மருத்துவர்கள் பல காலம் வாதிட்டார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2015இல் அதற்கு விடை சொன்னது. உங்கள் அப்பாவைப் போல ஆரம்ப நிலை வாய்ப்புற்று உள்ளவர்களில் பாதிப் பேருக்கு நாக்கு அறுவையின்போதே கழுத்தையும் திறந்தார்கள். மற்றவர்களைக் கண்காணித்து, நெறிக்கட்டி வந்தால் மட்டும் திறந்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் முதல் அணியில் 80 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். காத்திருந்த அணியில் 67.5 விழுக்காடு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் புகையிலை மென்றவர்கள் ஏராளம், நம் ஆட்கள். உங்கள் அறுவை மருத்துவர் கழுத்தைக் கேட்பதற்கு இதுதான் அடிப்படை. அப்பாவிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லுங்கள். பாரந்தூக்கியில் எடைக் கணக்குப் பார்த்தவருக்கு 80க்கும் 67.5க்கும் உள்ள வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘மூன்று மாதம் பார்ப்போம்’ என்பது என்ன விலை? ஏழு வகைப் புற்றுநோய்களில் சிகிச்சைத் தாமதத்தைப் பற்றி வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. தலை கழுத்துப் புற்றும் அதில் உண்டு. அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் மரண அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது. மூன்று மாதம் என்றால் அப்படி நான்கு வாரத் தவணைகள் மூன்று, அடுத்தடுத்து. இது சராசரிக் கணக்கு, உங்கள் அப்பாவுக்கு இதுவேதான் என்று நான் சொல்லவில்லை. நடைமுறையில் நடப்பது இன்னும் எளிமையானது: இன்று நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் எடுத்துத் தையல் போட்டு முடிக்கக்கூடியது, மூன்று மாதத்தில் வேறு இடத்துச் சதையை வைத்து ஒட்டுப்போட வேண்டிய அளவுக்கு வளரலாம். நாக்கைக் காப்பாற்ற எண்ணித் தள்ளிப்போட்டு, அதிக நாக்கை இழந்தவர்களின் மருந்துச் சீட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

தம்பி விடமாட்டார். ‘ஒளிச்சிகிச்சையில் வடு குறைவு, நாக்கு முழுசாக இருக்கும்’ என்பார். அதிலும் உண்மை இருக்கிறது. திசுவின் சட்டகமான கொலாஜனை இந்தச் சிகிச்சை பெரிதாகக் கெடுப்பதில்லை, ஆறும்போது சுருக்கம் குறைவு. வாயின் மேல்தோலோடு நிற்கும் மெல்லிய புற்றுகளுக்கு இதைப் பயன்படுத்தி நல்ல பலன் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கேட்பதில் தவறே இல்லை. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “அப்பாவின் கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம்? அந்த ஆழத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒளி இயக்கச் சிகிச்சை பொருந்துமா?” இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமானால் அதையும் கேளுங்கள். ஆனால் தேதியைப் பிடித்துக்கொண்டே கேளுங்கள். 16 நாளில் இன்னொரு ஆலோசனைக்கு நேரம் இருக்கிறது. தேதியை விட்டுவிட்டு ஆலோசனை தேடினால் இரண்டும் போய்விடும்.

தம்பி பார்த்த காணொளியில் பச்சைத் திரவமும் எலியும் வந்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் வியக்க மாட்டேன். கட்டியின் உள்ளே ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் இல்லாமல் ஒளிச்சிகிச்சை நடக்காது. அதனால் உயிருள்ள குளோரெல்லாவையே எலிக்குள் செலுத்தி, வெளிச்சம் காட்டி, அங்கேயே ஆக்சிஜன் தயாரிக்க வைக்கும் ஆய்வுகள் சீனாவில் நடந்திருக்கின்றன. அபாரமான யோசனைதான். எலியின் தோலுக்குக் கீழே ஊன்றிய பட்டாணி அளவுக் கட்டிக்கு வெளிச்சம் எட்டிவிடும். உங்கள் அப்பா எலி அல்ல என்பதைத் தம்பிக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அக்கா சொன்னால் கேட்பார்.

ஒருவேளை பிற்காலத்தில் யாருக்காவது உண்மையான ஒளி இயக்கச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். ‘பக்கவிளைவே இல்லை’ என்று காணொளிகள் சொல்லும். ஃபோட்டோஃப்ரின் போட்டவர் குறைந்தது 30 நாள் வெயிலுக்கு அஞ்ச வேண்டும். வழக்கமான சன்ஸ்கிரீன் பயன்படாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. சன்னல் கண்ணாடியும் அதைத் தடுக்காது. நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் விழும் வெயிலே போதும். பல் மருத்துவரின் விளக்குகூட ஆகாது. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது. அறையின் மங்கலான வெளிச்சம்தான் தோலில் தங்கிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. நல்ல சிகிச்சைக்கும் இப்படி நூறு நிபந்தனை. நிபந்தனையே இல்லாமல் விற்கும் எதையும் நான் சந்தேகப்படுவேன், இது தொழில் புத்தி.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன பஜனை. நான் நினைப்பது சரியென்றால், அப்பா பயப்படுவது கத்திக்கு அல்ல, குரலுக்கு. பாசி மாத்திரையின் மேல் அவருக்கு ஆசை வந்ததும் அதனால்தான் இருக்கும். இதை அவர் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாரா? எங்கள் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். “எழுபது வயதில் பாட்டு ஒரு கேடா என்று நினைப்பார்கள்” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அடுத்த சந்திப்பில் அப்பா இருக்கும்போதே நீங்கள் சொல்லுங்கள்: “இவர் பாடுகிறவர், இவருக்கு அது முக்கியம்.” குரல் பிறப்பது தொண்டையில், நாக்கில் அல்ல. நாக்கு செய்வது சொல்லை வடிப்பது. ஓரத்தில் சிறிய பகுதி போனால் ஆரம்பத்தில் ல, ள, ழ, ர எல்லாம் குழறும். பயிற்சியில் பெரும்பாலும் திரும்பிவிடும், முழுக்கப் பழையபடி என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அறுவைக்கு முன்பே பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பலர் அறுவைக்குப் பிறகுதான் போகிறார்கள், முன்னால் போவது நல்லது.

போகும்போது ஒரு பையில் குளோரெல்லா புட்டி, வார்ஃபரின் பட்டை, அப்பா வேறு எதையாவது கஷாயமாகக் குடித்தால் அதையும் போட்டுக்கொண்டு போங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட மேசையில் எடுத்து வைப்பது எங்களுக்கு வசதி. அதற்கு முன் வரும் பஜனையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடுவதை முதலிலிருந்து கடைசிவரை கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேச்சு சிகிச்சையாளரிடம் அதைப் போட்டுக் காட்டலாம். அவருடைய ‘ழ’ இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்.